தண்ணீர்ப் பங்கீடும் ‘நாம் – அவர்கள்’ பங்கீடும்: காவிரிப் படுகையில் அடையாளம் எப்போது மோதலாகிறது?

மேட்டூர் நீர்மட்டம் சரியும் ஆண்டுகளில் செய்திகள் ஏறக்குறைய ஒரே வரிசையில் வருகின்றன. முதலில் கன அடிக் கணக்கு. அடுத்து இரு மாநிலத் தலைவர்களின் அறிக்கைகள். பிறகு மறியல், கடையடைப்பு. 2016 செப்டம்பரில் நிலைமை இதையும் தாண்டிப் போனது. பெங்களூருவில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்கள் கொளுத்தப்பட்டன. சென்னையில் கர்நாடகத்தவர் நடத்தும் ஓட்டல் ஒன்று தாக்கப்பட்டது. அணையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்ற கேள்வி, எதிரே வருபவரின் தாய்மொழி என்ன என்ற கேள்வியாக எப்படி மாறியது? செய்தியைப் படிக்கும் பலருக்கும் வரும் குழப்பம் இது.

இதற்கு வழக்கமாக இரண்டு விடைகள் சொல்லப்படுகின்றன. மொழி, சாதி, மதம் என்று மனிதர் பிரிந்து நிற்பதுதான் காரணம், எல்லோரும் மனிதர் என்று எண்ணிவிட்டால் தீர்ந்தது என்பது ஒன்று. அடையாளமெல்லாம் மேற்பூச்சு, உள்ளே இருப்பது சொத்துத் தகராறுதான் என்பது மற்றொன்று. காவிரிப் படுகையின் வரலாறு இரண்டையுமே ஏற்கவில்லை. ஒவ்வொருவரிடமும் பல அடையாளங்கள் எப்போதும் இருக்கின்றன. எதைப் பங்கிடுகிறோம், யார் கையால் பங்கிடுகிறோம், எந்த விதியின்படி பங்கிடுகிறோம் என்பவைதாம் அவற்றில் எது தலைதூக்கும் என்பதை முடிவுசெய்கின்றன. இந்தக் கட்டுரை விளக்க முயல்வது அதைத்தான்.

## முதலில் சில சொற்கள்

1. தனி அடையாளம்: ஒருவரை மற்ற எல்லோரிடமிருந்தும் பிரித்துக் காட்டுவது. அவருடைய குணம், நினைவுகள், கைத்தொழில், கடன், கனவு எல்லாம் இதில் அடங்கும்.

2. குழு அடையாளம்: ஒருவரைச் சிலரோடு சேர்த்துக் காட்டுவது. தமிழர், வெண்ணாற்றுப் பாசனக்காரர், கீழத்தெருக்காரர், சங்கத்து ஆள் என்பவை இந்த வகை.

3. தகராறும் வன்முறையும்: ஒரே பொருளை இரு தரப்பு கேட்பது தகராறு. அது ஊர்தோறும் நடப்பது, தவறும் அன்று. எதிர்த் தரப்பில் பிறந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைத் தாக்குவது வன்முறை. முதலாவது இரண்டாவதாக மாறும் இடத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

4. டிஎம்சி: நூறு கோடி கன அடி. காவிரிப் பங்கீடு இந்த அளவில்தான் பேசப்படுகிறது.

## ஒரே ஆள், ஒரு சாகுபடி ஆண்டு

திருத்துறைப்பூண்டிப் பக்கம் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி ஒருவரை எடுத்துக்கொள்வோம். குறுவை என்ற குறுகிய கால நெல் சாகுபடிக்கு மேட்டூர் திறக்க வேண்டிய நாள் ஜூன் 12. அணையில் தண்ணீர் இல்லாமல் திறப்பு தள்ளிப்போகிறது என்றால் அவர் அந்த வாரங்களில் முதலில் தமிழர். எதிர்த் தரப்பு கர்நாடகம்.

தண்ணீர் வந்து கல்லணையை அடைந்ததும் காட்சி மாறுகிறது. அங்கே அது காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. இப்போது அவர் வெண்ணாற்றுப் பாசனக்காரர். “காவிரிக்கு இவ்வளவு, வெண்ணாற்றுக்கு ஏன் இவ்வளவு?” என்று கேட்கிறார். இன்னும் கீழே வந்து முறை வைத்துத் தண்ணீர் விடத் தொடங்கினால் அவர் கடைமடைக்காரர், அதாவது வாய்க்காலின் கடைசியில் நிலம் வைத்திருப்பவர். வாய்க்காலின் தொடக்கமான தலைமடையில் இருப்பவர்களும் தமிழர்கள்தாம் என்பது அந்த வாரத்தில் அவருக்கு எந்த ஆறுதலையும் தருவதில்லை.

நடவுக்கு ஆள் விடும்போது அவர் நிலக்காரர். எதிரே நிற்பது கூலி கேட்கும் தரப்பு. அறுவடை முடிந்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளைப் போட்டுக் காத்திருக்கும்போது அவர் சிறு விவசாயி. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியதாகச் சொல்லித் தன் நெல்லை ஒதுக்கிவிட்டு, வியாபாரியின் மூட்டைகளை எடைபோடுகிறார்களோ என்பது அவர் கவலை. சித்திரையில் ஊர்த் திருவிழா வந்தால் முன்னுக்கு வருவது சாதியும் தெருவும்.

ஆள் மாறவில்லை. பங்கிடப்படும் பொருள் மாறியது, அதோடு ‘நாம்’ என்ற சொல்லின் எல்லையும் மாறியது. எந்த அடையாளம் ‘உண்மையானது’ என்று இவரிடம் கேட்பதில் பயனில்லை. எல்லாமே உண்மையானவை.

இவற்றில் வாய்க்கால் சண்டையைச் சற்று அருகே போய்ப் பார்க்க வேண்டும். முறை முடிந்ததும் மதகுகளைக் கவனிக்கும் பாசன ஊழியரான லஸ்கர் வந்து ஷட்டரைத் திருகி இறக்கிவிட்டுப் போகிறார். இரவில் மேலூரிலிருந்து நான்கு பேர் வந்து, ஷட்டர் முழுக்க இறங்காதபடி அடியில் கட்டையைச் சொருகிவிடுகிறார்கள். விடியற்காலையில் கீழூர்க்காரர்கள் மண்வெட்டியோடு மதகடிக்கு வருகிறார்கள். வாய்ச்சண்டை முற்றுகிறது, சட்டையைப் பிடிக்கிறார்கள். ஆனால் அந்தக் கூட்டத்திலேயே கீழூருக்குப் பெண் கொடுத்த மேலூர்க்காரர் ஒருவர் இருப்பார். இரண்டு ஊருக்கும் ஒரே கூட்டுறவுச் சங்கம், ஒரே குலதெய்வக் கோயில், பிள்ளைகளுக்கு ஒரே பள்ளிக்கூடம். “மாப்பிள்ளை, நீங்கள் தள்ளி நில்லுங்கள்” என்று ஒருவர் சொன்ன பிறகு மண்வெட்டியை ஓங்குவது கடினம். அடுத்த மாதம் அதே வீட்டு வளைகாப்புக்குப் போக வேண்டும். கடைமடை – தலைமடைச் சண்டை ஆண்டுதோறும் நடந்தும் பெரும்பாலும் மறியலோடும் மனுவோடும் நின்றுவிடுவதற்கு இந்தக் குறுக்கு உறவுகளும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

## சிறுவர்களை வைத்து நடந்த இரண்டு ஆய்வுகள்

அடையாளமும் மோதலும் பற்றிச் சமூக உளவியல் சொல்வதில் பெரும்பகுதி இரண்டு ஆய்வுகளிலிருந்து வளர்ந்தது.

முதலாவது, துருக்கியில் பிறந்த முஸாபர் ஷெரிஃப் 1954-இல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில், ராபர்ஸ் கேவ் என்ற இடத்தில் நடத்தியது. ஒருவரையொருவர் அறியாத, ஒரே மாதிரிப் பின்னணி கொண்ட 22 சிறுவர்களை இரண்டு குழுக்களாக்கினார்கள். குழுக்கள் தமக்குக் கழுகுகள் என்றும் விரியன்கள் என்றும் பெயர் வைத்துக்கொண்டன. ஒரு தரப்புக்கு மட்டுமே பரிசு என்று போட்டி அறிவித்ததும் வசைகள் தொடங்கின, கொடி எரிந்தது, இரவில் எதிர்க் குழுவின் குடிலுக்குள் புகுந்து சூறையாடினார்கள். பின்னர் இரு குழுவையும் சேர்த்து உட்காரவைத்துச் சாப்பாடு போட்டுப் பார்த்தார்கள். சாப்பாட்டையே எடுத்து எறிந்துகொண்டார்கள். நிலைமை தணியத் தொடங்கியது, முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றுபோனபோதுதான். எங்கே அடைத்திருக்கிறது என்று இரு குழுவும் சேர்ந்து தேட வேண்டியிருந்தது. பழுதான லாரியைச் சேர்ந்து இழுப்பது போன்ற வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்த பிறகே பகை கரைந்தது. ‘ஒற்றுமையாக இருங்கள்’ என்று கூட்டி உட்காரவைப்பது மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று குறைவு.

இரண்டாவது, ஹென்றி டாஜ்ஃபெல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பள்ளி மாணவர்களிடம் நடத்தி 1970-இல் வெளியிட்டது. எந்த ஓவியரின் படம் பிடிக்கிறது என்பதை வைத்துக் குழு பிரித்ததாக மாணவர்களிடம் சொன்னார்கள். உண்மையில் பிரித்தது குருட்டாம்போக்கில். போட்டி இல்லை, பழைய பகை இல்லை, தன் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதுகூட மாணவனுக்குத் தெரியாது. பிறகு, பெயர் தெரியாத இருவருக்குப் பணம் பங்கிடச் சொன்னார்கள். ஒருவர் தன் குழு, மற்றவர் எதிர்க் குழு. பலரும் தன் குழுவுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். வியப்பு அதில் இல்லை. தன் குழுவுக்கு அதிகபட்சத் தொகை கிடைக்கும் வழி இருந்தும், தொகை குறைந்தாலும் எதிர்க் குழுவோடு இடைவெளி கூடுகிற வழியைப் பலர் தேர்ந்தெடுத்தார்கள். நமக்கு எவ்வளவு என்பதைக் காட்டிலும் அவர்களைவிட நமக்கு எவ்வளவு என்பது முக்கியமாகிவிட்டது.

டாஜ்ஃபெல்லுக்கு இந்தக் கேள்வி ஏட்டளவிலானதன்று. அவர் போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் இருந்து ஜெர்மானியரிடம் பிடிபட்டார். யூதர் என்பதை மறைக்கவில்லை, போலந்துக்காரர் என்பதை மறைத்தார். பிரெஞ்சு யூதப் போர்க்கைதியாகக் கருதப்பட்டதால் உயிர் தப்பினார். அவருடைய குடும்பத்தினர் தப்பவில்லை.

## 1924-இல் இருந்த தகராறும் இல்லாத சண்டையும்

காவிரித் தகராறு பழையது. சென்னை மாகாணத்துக்கும் மைசூர் அரசுக்கும் இடையே 1892-இலும் 1924-இலும் ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. ஆனால் அன்று அது ‘தமிழர் – கன்னடர்’ சண்டையாக இருக்க வாய்ப்பே இல்லை. சென்னை மாகாணத்தில் தெலுங்கு, மலையாளம் பேசுவோரோடு தென் கன்னட மாவட்டமும் பெல்லாரியும் இருந்தன. மைசூர் அரசுக்குள் கோலார் தங்கவயலில் தமிழ்த் தொழிலாளர்கள் இருந்தார்கள். அந்தச் சுரங்கங்களுக்கு 1902-இல் மின்சாரம் வந்ததும் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்துதான். தகராறு இரண்டு அரசாங்கங்களுக்கு இடையே நின்றது.

1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. மக்கள் தம் மொழியில் ஆளப்படுவது நியாயம். ஆனால் அன்று முதல் ஆற்றின் மேல்பகுதி, மாநில எல்லை, மொழி என்ற மூன்று கோடுகள் பெருமளவுக்கு ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. மாநிலங்களுக்கு இடையே நீரைப் பங்கிட்டுத் தீர்ப்புச் சொல்லக் காவிரி நடுவர் மன்றம் 1990-இல் அமைக்கப்பட்டது. 1991 ஜூனில் அது, கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 205 டிஎம்சி விட வேண்டும் என்று இடைக்கால உத்தரவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் பெங்களூருவிலும் தென் கர்நாடகத்திலும் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். அடிபட்டவர்களில் மிகப் பலர் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்த கூலித் தொழிலாளர்கள். தஞ்சாவூரில் அவர்களுக்கு ஒரு குழி நிலம் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. குடிப்பதற்கு அவர்களும் பெங்களூருவுக்கு வரும் அதே காவிரியைத்தான் நம்பியிருந்தார்கள்.

ஆற்று நீர்த் தகராறு ஆளை அடிக்கும் வன்முறையாவதற்கு நான்கு படிகள் தேவைப்படுவதை இதில் காணலாம்.

1. பொருள் குறைகிறது. மழை பெய்த ஆண்டில் படியே தொடங்குவதில்லை. 2018 ஜூலையில் மேட்டூர் நிரம்பியதும் இரு மாநிலச் சண்டை அடங்கிப்போனது. அடுத்த சில வாரங்களில் டெல்டாவில் எழுந்தது, கொள்ளிடத்தில் வெள்ளம் போகும்போதே கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை என்ற குரல்.

2. கணக்கு நம்பப்படுவதில்லை. எவ்வளவு வந்தது, எவ்வளவு இருக்கிறது என்பதை இரு தரப்பும் ஏற்கும் ஒருவர் சொல்லாதபோது வதந்தியே கணக்காகிறது.

3. ஒருவருடைய மற்ற அடையாளங்கள் மறைக்கப்படுகின்றன. தொழிலாளி, பக்கத்து வீட்டுக்காரர், ஒரே நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் என்பவை போய் மொழி மட்டும் மிஞ்சுகிறது.

4. கூட்டுப் பொறுப்பு சுமத்தப்படுகிறது. ஓர் அரசு செய்ததாகக் கருதப்படும் குற்றத்துக்கு, அந்த மொழி பேசும் எவரையும் தண்டிக்கலாம் என்றாகிறது. வன்முறை பிறப்பது இந்தப் படியில்தான். முதல் மூன்றும் இருந்து இது இல்லாவிட்டால் மறியலும் வழக்கும் மட்டுமே மிஞ்சும்.

## கோடுகள் முழுதாகப் பொருந்திய இடம்: வெண்மணி

மதகடியில் சண்டையைத் தணித்த குறுக்கு உறவுகள் ஒன்றுகூட இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு வெளியூர் போக வேண்டியதில்லை.

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் 44 தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். ஆடுதுறை 27 போன்ற புதிய நெல் ரகங்கள் வந்து விளைச்சல் கூடியிருந்த காலம். தொழிலாளர்கள் கேட்டது களத்தில் அளக்கும் நெல்லில் சற்றுக் கூடுதல் கூலி. பெரிய நிலக்காரர்களான மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கமாகத் திரண்டிருந்தார்கள். தொழிலாளர்களிடம் கம்யூனிஸ்டுகளின் செங்கொடிச் சங்கம் இருந்தது.

இது கூலிப் போராட்டமா, சாதிப் படுகொலையா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. இரண்டையும் பிரிக்க முடியாமல் இருந்ததுதான் அந்த ஊரின் நிலை. நிலம் ஒரு தரப்பிடம், உழைப்பு மறு தரப்பிடம். ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். கோயிலும் சுடுகாடும் தனித்தனி. திருமண உறவு கிடையாது. குடிசை நிற்கும் மனைகூடப் பல ஊர்களில் நிலக்காரருடையது. கூலி கேட்டவர் வேலையோடு வீட்டையும் இழக்க நேரிடும். கோடுகள் எல்லாம் ஒரே இடத்தில் விழுந்திருந்தன. கூலி கேட்டதற்கான தண்டனை, கூலி கேட்கும் வயதே வராத குழந்தைகள் மீதும் விழுந்தது. நான்காம் படி இதுதான்.

வழக்கின் முடிவு இன்னும் கசப்பானது. கீழ் நீதிமன்றம் மிராசுதார்களுக்குத் தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. பெரும் நிலம் படைத்த செல்வர்கள் தாமே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படி இல்லை என்ற பொருளில் தீர்ப்பு அமைந்தது. கொன்றவர்கள் சேரியில் பிறந்தவர்கள் என்பதை வைத்துக் கொல்லத்தக்கவர்களைத் தேர்ந்தார்கள். நீதிமன்றம் செல்வர் என்பதை வைத்துச் செய்யத்தகாதவர்களைத் தேர்ந்தது. இரண்டு இடத்திலும் தனி மனிதர் செய்தது என்ன என்ற கேள்விக்கு முன்னால் அவருடைய குழு அடையாளம் வந்து நின்றது.

அதன் பின் வந்த மாற்றங்களில் எவை பயன் தந்தன என்று பார்த்தால், அவை கோடுகளைப் பிரித்தவை. 1969-இன் நியாயக் கூலிச் சட்டம் கூலியை மிராசுதாரின் மனத்திலிருந்து எடுத்து எழுத்தில் வைத்தது. 1971-இன் குடியிருப்புச் சட்டம், குடியிருக்கும் மனையைத் தொழிலாளருக்கே உரிமையாக்கியது. கூலித் தகராறு வந்தாலும் வீட்டை விட்டு விரட்ட முடியாது என்ற நிலை இதனால் உருவானது. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவரும் 1981-இல் தொடங்கிய லாஃப்டி அமைப்பு தலித் பெண்கள் பெயரில் நிலம் வாங்கித் தந்தது. இவை எவையும் யாரையும் சாதியை மறக்கச் சொல்லவில்லை. சாதியோடு ஒட்டிக் கிடந்த நிலத்தையும் வீட்டையும் கூலியையும் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தன.

## மரியாதைக்கு அளவை இல்லை

தண்ணீரைக் கன அடியில் அளக்கலாம், கூலியை மரக்காலில் அளக்கலாம். திருவிழாவில் முதல் மரியாதை, பரிவட்டம், தேர் எந்தத் தெருவில் திரும்பும் என்பவற்றைக் கூட்டியோ குறைத்தோ பங்கிட வழியில்லை. ஒருவருக்கு முதல் என்றால் மற்றவருக்கு இல்லை. டாஜ்ஃபெல் கண்ட ‘இடைவெளி ஆசை’ முழு உருவில் வெளிப்படுவது இங்கேதான். கோட்டாட்சியர் தலைமையில் அமைதிப் பேச்சுவார்த்தை நடந்து, தீர்வு எட்டாமல் திருவிழாவே நிற்பதும் உண்டு.

பாதையும் இப்படி மரியாதையாக மாற்றப்பட்ட ஒன்றுதான். மயிலாடுதுறை அருகே திருநாள்கொண்டசேரியில் 2016 ஜனவரியில் இறந்த தலித் முதியவரின் உடலைப் பொதுப் பாதை வழியாக எடுத்துச் செல்ல உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எதிர்ப்பு கிளம்பியது. முடிவில் போலீசாரே உடலை எடுத்துக்கொண்டு வேறு வழியாகப் போய் அடக்கம் செய்தார்கள். அந்தப் பாதையில் ஒரு பிணம் போவதால் யாருக்கும் எதுவும் குறையப்போவதில்லை. குறைவதாக உணரப்பட்டது, மற்றவரைவிட மேலே இருக்கிறோம் என்ற இடைவெளி மட்டுமே. விதி இருந்தும் அதை நடத்திக்காட்ட அரசு துணியாவிட்டால் அந்த இடைவெளிக்கே காவல் நிற்பதாகிவிடும்.

## தணிந்த இடங்களில் நடந்தது என்ன

இந்த மண்ணிலேயே எதிர்த் திசையிலும் சான்றுகள் உண்டு. கீழத்தஞ்சையில் 1940-களில் சவுக்கடிக்கும், சாணி கரைத்த நீரைக் குடிக்கவைக்கும் சாணிப்பால் தண்டனைக்கும் எதிராகப் பண்ணையாட்களைத் திரட்டிய பி. சீனிவாசராவ் கன்னட நாட்டிலிருந்து வந்தவர். தமிழ் கற்றுச் சேரிகளில் தங்கி வேலை செய்தார். திருத்துறைப்பூண்டியில் இன்றும் அவர் நினைவு போற்றப்படுகிறது. பங்கிடப்பட்ட பொருள் கூலியும் மானமுமாக இருந்தபோது, தாய்மொழிக்கோடு அங்கே குறுக்கே வரவில்லை. நாகூர் தர்காவின் மிக உயரமான மினாராவைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங். அங்கே கந்தூரி என்னும் ஆண்டு விழாவுக்கு எல்லா மதத்தவரும் போகிறார்கள். மதம் யார் மனத்திலும் அழிந்துவிடவில்லை.

2003-இல் இரு மாநில விவசாயிகளும், பேராசிரியர் எஸ். ஜனகராஜன் போன்றவர்களின் முயற்சியில், காவிரிக் குடும்பம் என்ற பெயரில் சந்தித்துப் பேசத் தொடங்கினார்கள். மாண்டியா விவசாயியும் மன்னார்குடி விவசாயியும் ஒருவர் வயலை மற்றவர் போய்ப் பார்த்தார்கள். இதனால் டிஎம்சி கணக்கு தீரவில்லை. ஆனால் ‘கர்நாடகம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் கடன்பட்ட கரும்பு விவசாயி ஒருவர் இருக்கிறார் என்பது இங்கே தெரிந்தது, அங்கேயும் அப்படியே. மூன்றாம் படி சற்று தளர்ந்தது.

இரண்டாம் படிக்கான மருந்து நீண்ட வழக்குக்குப் பின் வந்தது. நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பு மொத்தம் 740 டிஎம்சியில் தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று வகுத்தது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் கர்நாடகம் அளந்து தர வேண்டிய நீரை 192-இலிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைத்தது. டெல்டாவுக்கு அது இழப்புதான். ஆனால் மாதவாரிக் கணக்கும், அளக்கும் இடமும், அதே ஆண்டு ஜூனில் அமைந்த மேலாண்மை ஆணையமும் கிடைத்தன. 2023-இல் மழை பொய்த்தபோது பெங்களூருவில் முழு அடைப்பு நடந்தது, டெல்டாவில் குறுவை கருகியது, இரு பக்கமும் கோபம் கொதித்தது. 2016-ஐப் போலப் பஸ்கள் வரிசையாக எரியவில்லை. சண்டை பதினைந்து நாளைக்கு ஒருமுறை நடந்த கூட்ட மேசைகளில் நடந்தது. காரணங்கள் பல இருக்கலாம். ஏற்கெனவே எழுதப்பட்ட அளவும் கேட்பதற்கு ஓர் இடமும் இருந்தது அவற்றில் ஒன்று என்றே எண்ணுகிறேன்.

பற்றாக்குறை ஆண்டில் எப்படிப் பகிர்வது என்பதில்தான் பெரிய ஓட்டை இருக்கிறது. குறைவையும் விகிதாசாரப்படி பகிர வேண்டும் என்ற கொள்கை தீர்ப்பில் உண்டு. அணைகளில் இவ்வளவு நீர் இருந்தால் இத்தனை டிஎம்சி விட வேண்டும் என்று, இரு மாநிலமும் ஒப்புக்கொண்ட வாய்பாடு இல்லை. ஆகவே ஒவ்வொரு வறட்சியிலும் பேச்சு அடிப்படையிலிருந்தே தொடங்குகிறது. ஆகஸ்டில் 45.95 டிஎம்சி வர வேண்டிய இடத்தில் பாதிகூட வராதபோது உட்கார்ந்து எழுதக்கூடிய வாய்பாடன்று இது. மேட்டூர் முழுக் கொள்ளளவான 120 அடியில் நிற்கும் ஆண்டில், யாருக்கும் யார் மீதும் கோபம் இல்லாத மாதங்களில், இரு மாநிலப் பொறியாளர்களும் விவசாயிகளும் பேசி எழுதிவைக்க வேண்டியது.